ஆறு டம்ளர் நல்ல தண்ணீர்

வேலூரில் முதல் நாள் காலை விடுதிக் குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் அள்ளிக் கொப்பளித்தேன். உடனே துப்பினேன். உப்பு என்று சொன்னால் உப்புக்கு அவமானம். கீழே போய் விடுதிக்காரரிடம் சண்டை பிடித்தேன். அவர் நிதானமாக, "அது குளிக்கறதுக்கு சார். குடிக்கறதுக்குப் பானையில வெச்சிருக்கோமே, பாக்கலியா?" என்றார். அறையின் மூலையில் பானை இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. குழாயைத் திறந்தால் குடிக்கிற தண்ணீர் வரும் என்று பழகிப்போனவன் பானையை எங்கே பார்க்கப் போகிறான்?

நான் சிங்கப்பூர்க்காரன். தொழில் மொழிபெயர்ப்பு. நாடாளுமன்றத்தில் ஒருவர் தமிழில் பேசினால் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அதை ஆங்கிலத்தில் சொல்வேன். தமிழில் பேசுகிறவர்கள் குறைவு. பாதி நாள் கண்ணாடிக்குப் பின்னால் காப்பி குடிப்பதுதான் வேலை. அப்படி இருந்தவனைத்தான் ஒரு வாரத்துக்கு வட ஆற்காடு மாவட்டத்துக்கு இரவல் கொடுத்தார்கள்.

அது எண்பதுகளின் தொடக்கம். இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பூமியில் எல்லோருக்கும் நல்ல குடிநீர் என்று உலக நாடுகள் கூடித் தீர்மானம் போட்டிருந்தன. கை தூக்கினால் தீர்மானம் நிறைவேறிவிடும். குழாய்க்குப் பணம் ஒதுக்க வேண்டியவை நாடாளுமன்றங்கள். குளிர் நாடு ஒன்றின் நாடாளுமன்றம் தோல் தொழில் நடக்கும் இந்தப் பகுதிக்குப் பணம் கொடுக்கலாமா என்று அடுத்த கூட்டத்தொடரில் முடிவு செய்ய இருந்தது. அதற்கு முன் பல நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஐந்து பேர் நேரில் பார்த்து அறிக்கை தரவேண்டும். எந்தெந்த ஊருக்கு முதலில் குழாய் என்பது அவர்கள் எழுதுவதைப் பொறுத்தது. உள்ளூர் அதிகாரிகள் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், யாருக்கும் வேண்டியவனாக இல்லாத ஒரு தமிழன் வேண்டும் என்று கேட்டார்களாம். அந்த நடுநிலைத் தமிழன் நான்.

குழுத் தலைவர் குளிர் நாட்டுக்காரர். உயரமானவர், நேர்மையானவர், கைக்கடிகாரத்தை நம்புகிறவர். மற்றவர்களில் எனக்கு நினைவில் நிற்பவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஓர் அம்மையார். அவருக்கு அறுபது வயது இருக்கும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் இட்லியைப் பிட்டுப் பார்த்து, எங்கள் ஊரிலும் இதற்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்றார். மற்ற நான்கு பேரும் ரொட்டி கேட்டார்கள்.

இரண்டாம் நாள் ராணிப்பேட்டைப் பக்கம் போனோம். முதல் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் ஆளுயர மாலைகளோடு நின்றார். கடல் கடந்து வந்த கருணை வள்ளல்களே என்று தொடங்கி, ஐந்து பேரையும் நிலா, சூரியன், மழைமேகம் என்று ஒருவர் விடாமல் புகழ்ந்தார். நானும் ஒன்று விடாமல் மொழிபெயர்த்தேன். மழைமேகம் வந்தபோது எங்கள் குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். வண்டியில் ஏறியதும் என்னிடம், "மரியாதைப் பேச்சையெல்லாம் விட்டுவிடுங்கள். விஷயத்தை மட்டும் கொடுங்கள்" என்றார். எனக்கு மகிழ்ச்சி. பாதி வேலை குறைந்தது.

திரும்பும் வழியில் எங்கள் வேனின் ரேடியேட்டர் கொதித்துப் புகை விட்டது. டிரைவர் கோவிந்தன் இறங்கி மூடியைத் துணியால் பிடித்துத் திறந்தார். சாலை ஓரத்திலேயே ஒரு கிணறு, நிறையத் தண்ணீர். வாளியும் கயிறும் இருந்தன. எடுத்து ஊற்ற வேண்டியதுதானே என்றேன்.

"அய்யய்யோ, இந்தத் தண்ணி ஊத்தினா ரேடியேட்டர் அரிச்சிடும் சார். ஆறு மாசம் தாங்காது. அப்புறம் ஆபீஸ்ல என்னைத்தான் பேஜார் பண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்து போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். நாங்கள் முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் காத்திருந்தோம். அம்மையார் மட்டும் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அதே தண்ணீரில்தான் பிள்ளைக்குத் தலை அலசிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ஆம்பூர். தோல் பதனிடும் டேனரி என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் காலில் போட்டிருக்கும் ஷூதான். உள்ளே போனதும் நாற்றம் நெஞ்சில் அடித்தது. சுண்ணாம்புக் குழிகளுக்குள் இடுப்பு வரை இறங்கி ஆட்கள் தோலைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கால் விரல்களில் தோல் உரிந்து சிவந்திருந்தது. முன்பெல்லாம் ஆவாரம்பட்டையில் பதப்படுத்துவார்களாம், இப்போது குரோமியம் என்றார் மேனேஜர். வெளியே வாய்க்காலில் நீலமும் பச்சையுமாக நுரை ஓடியது. எங்கே போகிறது என்று தலைவர் கேட்டார். "ரிவர் சைடு சார்" என்றார் மேனேஜர், அத்தோடு விஷயம் முடிந்ததைப் போல. பாலாற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். மணலுக்கு அடியில் ஓடுவதைத்தான் மாவட்டமே குடிக்கிறது.

குழிக்குள்ளிருந்து ஒருவன் இன்னொருவனிடம், "இன்னாடா, அஞ்சு நிமிஷத்துக்கே மூக்கப் புடிச்சிக்கினு நிக்கறாங்க" என்றான். என்ன சொல்கிறார்கள் என்று தலைவர் கேட்டார். வணக்கம் சொல்கிறார்கள் என்றேன். அம்மையார் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மொழி தெரியாவிட்டாலும் வணக்கத்தின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மதியம் பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, கூடவே கத்திரிக்காய்க் குழம்பு, வெங்காயத் தயிர். எங்கள் ஊரில் பிரியாணிக்கு தால்ச்சா என்ற பருப்புக் குழம்பை ஊற்றிக் குளிப்பாட்டிவிடுவார்கள். இங்கே அதற்கு வேலையே இல்லை. காலையில் பார்த்ததற்குப் பிறகு சாப்பிட முடியாது என்று நினைத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கடைக்காரர் பாய் தெம்பாக, "நம்ம கடைக்குத் தண்ணி வெளிய தோட்டத்துலேர்ந்து வண்டியில வருது சாப். லோக்கல் தண்ணி ஊத்தினா அரிசியே கெட்டுப்பூடும்" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். தலைவர் எழுதிக்கொண்டார்.

இவ்வளவும் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லிவிட்டு, நான்காம் நாள் அந்தத் தப்பைச் செய்தேன்.

அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. ஆம்பூருக்குச் சற்றுத் தள்ளி, நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சிற்றூர். விவசாயக் கூலிகளும் டேனரிக்குப் போகிறவர்களும்தான் அதிகம். பத்து மணிக்குப் போயிருக்க வேண்டும். முதலில் டயர் பஞ்சர். பிறகு ரயில்வே கேட் மூடிவிட்டார்கள். ஒரு சரக்கு வண்டி முடிவே இல்லாமல் ஊர்ந்தது, அது போனதும் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று. நாங்கள் காத்து நின்ற பக்கத்தில் ஒரு மாந்தோப்பு பச்சைப்பசேலென்று தெரிந்தது. அந்தப் பயணத்திலேயே கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பார்த்தது அது ஒன்றுதான். கேட்டைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றேகால். பன்னிரண்டு மணிக்கு வேறிடத்தில் கூட்டம் இருக்கிறது என்று உடன் வந்த துணைத் தாசில்தார் பரபரத்தார்.

பள்ளிக்கூடத்துக் கூரைக்கு அடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் மனுவை வாசித்தார். பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடத்துக்கு ஓடு, சுடுகாட்டுக்குப் பாதை, தெருவிளக்கு, நடுவில் ஒரு வரியில் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போய்விட்டது என்பதும். ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்கள் சுவர் ஓரமாக நின்றார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வாசித்து முடித்ததும் ஒரு பெண் குடத்தோடு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம், ஒடிசலான உடம்பு. பெயர் பச்சையம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன். பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் டம்ளர்கள் ஆறு. ஒவ்வொன்றாக ஊற்றி, வலது கையில் ஏந்தி, இடது கையால் முழங்கையைத் தொட்டபடி கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே என்னிடம், "உங்களுக்காகவே விடியக்காலைல மாந்தோப்புல போய் எடுத்தாந்தது சார். பயப்படாம குடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

அம்மையார், "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"குடிக்கச் சொல்கிறார்" என்றேன்.

அவ்வளவுதான். விருந்தாளிக்குச் சொல்லும் உபசார வார்த்தை என்று காது ஒதுக்கிவிட்டது. உங்களுக்காகவே செய்தது, கூச்சப்படாமல் சாப்பிடுங்கள் என்று நம் வீடுகளில் சொல்வதில்லையா? அந்த வகையில் சேர்த்துவிட்டேன். விஷயத்தை மட்டும் கொடு என்று எனக்கு உத்தரவு இருந்தது. விஷயம் அதுதான் என்று எனக்குப் படவில்லை.

தண்ணீர் குளுகுளுவென்று இனிப்பாக இருந்தது. வெயிலில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே மூச்சில் குடித்தோம். தலைவர் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். பச்சையம்மாவின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. கிணற்றைப் பார்க்க வயல் வரப்பில் நடக்கவேண்டும், நேரம் இல்லை என்றார் துணைத் தாசில்தார். தலைவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு எழுந்தார். நாங்கள் அந்த ஊரில் இருந்தது மொத்தம் இருபத்தைந்து நிமிடம்.

ஐந்தாம் நாள் காலை வேலூர் விடுதியில் அறிக்கையின் சுருக்கத்தை என்னிடம் கொடுத்து, மாவட்ட அலுவலகத்துக்குத் தமிழில் ஒரு பிரதி வேண்டும் என்றார்கள். தோசையும் தட்டச்சுத் தாளும் ஒரே மேசையில் இருந்தன. ஒவ்வோர் ஊராக வந்தேன். இந்த ஊருக்கு வந்தபோது இப்படி இருந்தது: "உறுப்பினர்கள் அனைவரும் இங்குள்ள தண்ணீரை நேரில் அருந்தினர். தெளிவாகவும் சுவையாகவும் இருந்தது. மனுவில் உள்ள புகார் மிகைப்படுத்தப்பட்டதாகத் தோன்றுகிறது. முதல் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை."

மாந்தோப்பு அப்போதுதான் தலைக்குள் வந்து நின்றது. அது ஊருக்குள் இல்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். தோசையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

தலைவரிடம் ஓடினேன். அவர் முகம் சவரம் செய்துகொண்டிருந்தார். சொன்னேன். சவரக் கத்தியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுக் கேட்டார்: "இதை அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"மரியாதைப் பேச்சு என்று நினைத்துவிட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எல்லோரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இரண்டு பேர் விடியற்காலையே சென்னைக்குப் போய்விட்டார்கள், ஐந்து பேரும் குடித்தது உண்மை, உண்மையை எப்படி அடித்துத் திருத்துவது என்றார். "வேண்டுமானால் ஓர் அடிக்குறிப்பு சேர்க்கலாம். ஆனால் நீங்கள் சாட்சி இல்லை. மொழிபெயர்ப்பாளர்." விதியைத்தான் சொன்னார். கண்ணாடி அறைக்குள் இருபது வருடம் உட்கார்ந்து நானும் அந்த விதியில்தான் சோறு தின்றேன்.

அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "எனக்கு மாலைதான் விமானம். வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்" என்றார்.

கோவிந்தன் வேனை விரட்டினார். அம்மையார் வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினார். சிறுவயதில் அவரும் குடம் சுமந்தவராம். விருந்தாளி வந்தால் எந்த ஊற்றுக்குப் போவோம் என்று எனக்குத் தெரியும், நானாவது கேட்டிருக்க வேண்டும் என்றார். தப்பில் எனக்குத் துணைக்கு வருகிறார் என்று புரிந்தது. எனக்கு அது ஆறுதலாக இல்லை.

பச்சையம்மா வீட்டு வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, உள்ளே திரும்பிக் குடத்தைத் தூக்கினாள். மறுபடியும் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரத் தோப்புக்குக் கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்று தடுத்து உட்காரவைத்து, நடந்ததைச் சொன்னேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். நீங்கள் கொடுத்த நல்ல தண்ணீரைக் குடித்துவிட்டு, ஊரில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள் என்றேன். நீங்கள் சொன்னதை நான் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன்.

ஒருத்தி, "அப்பவே சொன்னேன், கெணத்துத் தண்ணியே குடுக்கலாம்னு. இவதான் கேக்கல" என்றாள். இன்னொருத்தி அவள்மேல் பாய்ந்தாள். "நீ குடுப்பியா? வந்தவங்க வாயில அத்த ஊத்துவியா நீ?"

பச்சையம்மா என்னைத்தான் பார்த்தாள். "எப்பிடி சார் குடுக்கறது? அம்மாந்தூரத்துலேர்ந்து நம்ம ஊட்டத் தேடிக்கினு வந்துட்டாங்க. அந்தத் தண்ணியில சோறாக்கினா மஞ்சளாப் பூடுது. பருப்பு வேகறதில்ல. மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. அத்தப் போயி மனுசங்களுக்குக் குடுக்கறதா?"

தினமும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அம்மையார் கேட்கச் சொன்னார். இந்தத் தடவை ஓர் எழுத்தையும் விடவில்லை.

"விடியறதுக்குள்ள ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. தோப்புக்காரர் ஆளுக்கு ரெண்டு கொடம் விடுவாரு. போன வருசம் என் தங்கச்சி தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு வெச்சிக்கினு வந்தா. இந்தப் பக்கத்து வண்டி போயிடுச்சின்னு கால எடுத்து வெச்சா. அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தது அவ கண்ணுக்குத் தெரியல சார். தலையில கொடம் இருந்தா திரும்பிப் பாக்க முடியாதில்ல." அழவில்லை. "கொழா வந்தா என் பொண்ணு அந்தத் தண்டவாளத்த மிதிக்க வேணாம்னுதான் நேத்து மூணு மணிக்கே எழுந்து போனேன். நல்லபடியா கவனிச்சா நல்லது செய்வாங்கன்னு நெனச்சேன்."

இதைச் சொல்லும்போது என் ஆங்கிலம் இரண்டு இடத்தில் நின்றுபோயிற்று. அம்மையார் அவசரப்படுத்தவில்லை.

அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தக் கிணற்றுத் தண்ணீரை நான் குடிக்கவேண்டும், குடித்தவள் என்று அடிக்குறிப்பில் என் பெயரைப் போடவேண்டும்" என்றார். அதைச் சொன்னதும் பெண்கள் எல்லோரும் பதறினார்கள். முடியவே முடியாது என்றாள் பச்சையம்மா. நானே போய் இறைத்துக்கொள்கிறேன் என்று அம்மையார் எழுந்தார். அதற்கும் விடவில்லை, விருந்தாளி கயிறு பிடிக்கக் கூடாதாம். கடைசியில் அவளே போனாள். வரப்பில் நடந்து போய் இறைத்து, அதே எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தாள். இலேசான மஞ்சள், அடியில் கசடு. அம்மையார் இரண்டு கையையும் நீட்டினார்.

பச்சையம்மா கொடுக்கவில்லை. குனிந்து டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"கையில குடுக்கமாட்டேன் சார். கீழ வெச்சிட்டேன். அவங்களா எடுத்துக்கட்டும்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் டம்ளரைக் கையில் கொடுக்காமல் தரையில் வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவள் அம்மாவுக்கும் அவளுக்கும் எத்தனை வாசல்களில் அப்படி வைத்திருப்பார்கள் என்றும் தெரியும். இன்றைக்குத் தன் வாசலில் வந்தவருக்கு அவளே அப்படி வைக்கும்படி ஆகிவிட்டது. அம்மையார் குனிந்து எடுத்து, பாதி குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் குடித்தார்.

வேன் கிளம்பும்போது பச்சையம்மா ஜன்னல் பக்கம் ஓடிவந்தாள். "அவங்களுக்கு வயித்துக்கு ஒண்ணும் ஆயிடாதில்ல சார்? எங்களுக்குப் பழகிடுச்சி. அவங்க பாவம்."

அதை மொழிபெயர்த்தேன். அம்மையார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

அடிக்குறிப்பு அச்சில் வந்தது. என்னிடம் பிரதி இருக்கிறது. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், மொழிபெயர்ப்பில் நேர்ந்த விடுபாடு காரணமாக ஓர் உறுப்பினர் மாறுபட்ட கருத்துத் தெரிவிக்கிறார் என்று இருந்தது. குளிர் நாட்டு நாடாளுமன்றத்தில் பணம் ஒதுக்கும் விவாதம் ஒரு பிற்பகலில் முடிந்தது. பேசியவர்கள் நன்றாகவே பேசினார்கள், பணமும் கிடைத்தது. பட்டியலை வாசித்தார்கள். அடிக்குறிப்பை யாரும் வாசிக்கவில்லை. அதை வாசிப்பது அங்கே வழக்கம் இல்லை.

அடுத்த ஊர் வரைக்கும் குழாய் வந்துவிட்டது என்று துணைத் தாசில்தார் ஒரு கடிதம் போட்டிருந்தார். இந்த ஊர் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறதாம். இரண்டாம் கட்டம் எப்போது என்று இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. என் குழாயில் இப்போதுகூடத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அதை நிறுத்திவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன். அங்கே இன்னும் விடிந்திருக்காது. பச்சையம்மாவும், இந்நேரம் குடம் தூக்கும் வயதுக்கு வந்துவிட்ட அவள் மகளும், தலையைத் திருப்ப முடியாமல், ரயில் சத்தம் எந்தப் பக்கம் என்று காதால் மட்டும் கேட்டுக்கொண்டு தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்பார்கள்.